சீட்டுப் பாக்கி

ஒன்பது தவணை பாக்கி வைத்துவிட்டு
கிளிஃப்டன் மகள் வீட்டோடு பெங்களூர் போன அன்று
என் வாசலில் இந்தப் பெட்டி இருந்தது.
உள்ளே ஒரு துண்டுச் சீட்டு:
‘ஓடுற ரயில்க்கா. வித்து எடுத்துக்குங்க.’
சீட்டுக்குப் பதில் சீட்டு.

ஓடவில்லை.
கொருக்குப்பேட்டையில் ஓடாத ரயில் புதிதா என்ன?
கேட் போட்டு முக்கால் மணி நேரம்
சரக்கு வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி
கையிலிருந்த பால் திரிய நின்றவள் நான்.

காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு.
வராத பணத்துக்காக வந்த பணத்தை விடுகிறவள்
சீட்டு நடத்தி உருப்பட்டதில்லை.

டில்லிபாபுவின் பழைய பிரஷ், குச்சம் விரிந்தது.
துணி ஊறிய வாளியிலிருந்து ஒரு சொம்பு நுரை.
ஜன்னல் ஜன்னலாகத் தேய்த்தேன்.
கறுப்பாக இறங்கியது.
என் கொடியில் காயும் வேட்டிக்கும்
மூடியே கிடந்த பெட்டிக்கும்
எண்ணூர் ஒரே சாம்பலைத்தான் அனுப்பியிருக்கிறது.

தண்டவாளத்துக்குப் புளி என்று கை போனது.
குத்துவிளக்கென்றால் சரி.
இதில் இடுக்கில் தங்கினால் பச்சை பூத்துவிடும்.
மாடிவீட்டு யாழினியிடம் ரப்பர் கடன் வாங்கினேன்,
ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்.
பாதியாகத்தான் திருப்பித் தர முடிந்தது.
அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
நான் பாக்கிக்காரர்களைப் பார்க்கிற பார்வை.

சக்கரத்துப் பிசுக்குக்கு நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர்.
காது குடையும் பஞ்சில் தொட்டு ஒற்ற
வெள்ளியாய்த் தெளிந்தது. அந்த மிதப்பில்
பெட்டியின் கதவையும் ஒரு இழுப்பு இழுத்தேன்.
தங்க எழுத்தில் இருந்த ‘1’
பஞ்சோடு வந்துவிட்டது.
இனி இந்த வண்டியில் முதல் வகுப்பு கிடையாது.
நியாயம்தான்.
ஆனால் ஐந்நூறாவது குறைப்பான் வாங்க வருகிறவன்.

எஞ்சினை மல்லாத்தினேன்.
தையல் மெஷின் எண்ணெய், ஊக்கு நுனியில் ஒரு சொட்டு.
(தேங்காய் எண்ணெய் கூடாது, மார்கழியில் உறையும்.)
அச்சில் ஏதோ சுற்றியிருந்தது.
நூல் என்று நினைத்து
ஊக்கால் நெம்பி இழுத்தேன்.
வந்துகொண்டே இருந்தது.
முடி.
ஒரு முழம், மருதாணிச் சிவப்பு.

பிலோமினா.
மாதம் பிறந்து இரண்டாம் தேதி, ராத்திரி எட்டு மணி,
கதவை ஒரே ஒரு தட்டு.
நோட்டுகளைக் காந்தி முகம் ஒரே பக்கம் பார்க்க
அடுக்கிக் கொடுப்பாள்.
தவணை நின்றது அவள் ஆஸ்பத்திரியில் படுத்த மாதம்.
என் நோட்டில் அது வெறும் சிவப்புக் கோடு.

சக்கரம் தரையிலிருந்து அரை விரல் உயரம்.
அதில் தலைமுடி சிக்க வேண்டுமென்றால்
தலை தரையில் இருந்திருக்க வேண்டும்.
ஐம்பத்தெட்டு வயதில், அந்த உடம்போடு,
கூடத்தில் குப்புறப் படுத்து
ரயில் வருவதை எதிரே இருந்து பார்த்திருக்கிறாள்.
யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.
வாசலில் நின்று மழையைப் பற்றித்தான் பேசினோம்.

முடியை எங்கே போடுவதென்று தெரியவில்லை.
குப்பையில் போட மனமில்லை, எடுத்து வைக்கவும் உறவில்லை.
ஊக்கிலேயே சுற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன். உறுமியது, நின்றது,
விரலால் ஒரு தட்டு.
போனது.

ஞாயிற்றுக்கிழமை புரசைவாக்கத்திலிருந்து ஆள் வருகிறான்.
ஆறாயிரம் பேசியிருக்கிறேன்.
போக மீதி மூவாயிரத்துச் சொச்சம்
எழுதுவதா விடுவதா, பிறகு பார்க்கலாம்.

கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு
கன்னம் தரையில் பட நானும் படுத்தேன்.
சோப்பும் ஸ்ட்ராபெரியும் மணக்க
விளக்கு எரிய
அது என் மூக்கை நோக்கி வந்தது.
இத்தனை சின்னது இவ்வளவு பெரிதாக வரும் என்று
தெரியாது எனக்கு.

ஷிஃப்ட் முடிந்து வந்த டில்லிபாபு
ஹெல்மெட்டோடு வாசலில்.
நிலைப்படியை ஒட்டித் தண்டவாளம்.
‘அங்க கேட்டுல அரை மணி நேரம் நின்னேன், இங்க என்னடி?’

‘இரு,’ என்றேன் தலை தூக்காமல்,
‘வண்டி போகட்டும்.’