கழித்தல்

தார்த்து நகரில் முழங்கால் மட்டும் பனி.
தெள்ளுக்கு அதெல்லாம் தெரியாது,
ஹீட்டர் ஓரம் அதற்கு எந்நாளும் சித்திரை.

பூனையை அணைத்தபடி எடைமேடையில் ஏறினாள் ஊர்வே:
ஐம்பத்தாறு புள்ளி மூன்று.
இறக்கிவிட்டு மறுபடி:
ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு.

கடையில் இரண்டு பெட்டிகள்.
நாலு கிலோ வரை. நாலுக்கு மேல்.
நூறு கிராம் மீறியதற்கு மூன்று யூரோ தண்டம்.
"அந்த மலிவானது?"
"நாய்க்கு. பூனை மேல் பட்டால் உயிர் போகும்"
கண்ணாடியைத் துடைத்தபடியே கார்மோ.

குடற்புழுவுக்கும் சேர்த்தே வாங்கினாள்;
பிடரியில்,
நாக்கு எட்டாத இடமாகப் பார்த்துச்
சொட்டவேண்டும்.

பாலத்தில் வரும்போதுதான் உறைத்தது.
போன குளிர்காலம் அந்த இரண்டாவது எண்
அறுபதுக்கு மேல்.

கார்மோ அதைக் கேட்கவில்லை.
எவரும்தான்.

பூனை
அன்றும் நாலு புள்ளி ஒன்று.