ரப்பரா, இரும்பா

வெஸ்தெரோஸில் சாலையின் உப்பை
ஏப்ரல் மழை கழுவிய பிறகுதான்
பிளிமத்தை வெளியே எடுப்பேன்.
இந்த வருடம் முதல் கியரிலேயே 'டொக்'.
மிதித்தால் எஞ்சின் இடப்பக்கம் எழும்பி
பானட்டை முட்டப் பார்க்கிறது.
அறுபத்தெட்டில் ஒட்டிய ரப்பர்
எண்ணெய் குடித்துக் குடித்து ஊறி
தகட்டிலிருந்து உரிந்து கிடந்தது.

தூரெ தன் கடை மேசையில் மூன்றை வைத்தான்.
ரப்பர் சொகுசு, மறுபடி கிழியும்.
பாலியூரித்தேன் ரெண்டுங்கெட்டான், குளிரில் முனகும்.
இரும்பு அசையாது, மன்னிக்கவும் செய்யாது.
"எதை எடுத்தாலும் கியர்பாக்ஸுக்கு ரப்பரே போடு.
முன்னால் நெகிழ்ந்து பின்னால் இறுகினால்
உறை பிளந்துவிடும்."

இரும்பை எடுத்தேன். வீம்புதான்.

ஏரிக்கரைச் சிவப்பு விளக்கில் நின்றோம்.
பின்பார்க்கும் கண்ணாடியில்
ஒரே லாரி மூன்றாய்த் தெரிந்தது.
சாவிக்கொத்து, சாம்பல் கிண்ணம், என் கடைவாய்ப் பல்
எல்லாம் நடுங்கின.
"தப்பு பண்ணிவிட்டேன், இங்கெயெர்ட்.
சனிக்கிழமை ரப்பருக்கு மாற்றிவிடுகிறேன்."

அவள் வலக்கையைக்
கையுறையிலிருந்து உருவி
டாஷ்போர்டின் மேல் வைத்தாள்.
போன இலையுதிர்காலம் முதல்
விருந்தாளிகள் முன்னால்
கோப்பை தூக்காத கை.
கண்ணாடியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.
"எது எதனால் ஆடுகிறது என்றே
தெரியவில்லையே" என்றாள்.

பச்சை விழுந்தது.
மூன்று லாரியும் ஹாரன் அடித்தன.

சனிக்கிழமை தூரெயின் கடைக்குப் போனேன்.
ஒரு பல்பு வாங்கிக்கொண்டு
திரும்பி வந்தேன்.