பெட்டி பேசக்கூடாது

முதலில் உள்ளே நிரப்ப வேண்டும்.
பீங்கான் கோழியின் வயிறு பொள்ளல்.
அடியிலிருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி
டிஷ்யூ தாளைத் திரித்துத் திரித்து
ஊதுவத்திக் குச்சியால் மெதுவாகத் திணிக்கிறேன்,
இனி ஒரு கல் உப்புகூட நுழையாது
என்று தோன்றும்வரை.

ஷில்லாங்கில் இபாலாரி என்றொரு பெண்மணி.
அவரிடமும் இதே அச்சில் ஒரு ஜோடி இருந்ததாம்.
உப்புக்கோழி, தலையில் மூன்று துளை:
பூனை தள்ளிவிட்டது.
மிளகுக்கோழி, ஐந்து துளை:
ஆறு வருடமாகத் தனியாக நிற்கிறது.
மூன்று துளை மட்டும் அனுப்புங்கள்,
ஜோடிக்கு உண்டான விலையே தருகிறேன்,
இன்னொரு மிளகை வைத்து நான் என்ன செய்ய என்கிறார்.

சோர் பஜாரில், வெள்ளிக்கிழமை விடியுமுன்
செல்பேசி வெளிச்சத்தில் பார்த்து வாங்கியவை.
நகத்தால் தட்டினேன். இரண்டும் ஒரே சுருதி.
விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும்.

பழகாத நாளில் ஜாம்நகருக்கு
ஒரு தேநீர்க் கூஜா அனுப்பினேன்.
ஆயுத பூஜை முடிந்த வாரம்,
வீட்டில் பொரி மிச்சம்.
பஞ்சுக்குப் பதில் பொரி போதும் என்று நினைத்தது
என் கெட்டிக்காரத்தனம்.
எந்த ஊர் கோடவுன் எலியோ
எல்லாவற்றையும் தின்று தீர்த்து
கூஜாவை அந்தரத்தில் விட்டுப் போயிருந்தது.
வந்த படத்தில் கைப்பிடி தனி, மூக்கு தனி,
மூடியின் மேல் ஒரே ஒரு பொரி.
ஆயிரத்து நானூறு திருப்பிக் கொடுத்தேன்.
படத்தை இன்னும் அழிக்கவில்லை.

இப்போது
அலகுக்கு ஒரு பஞ்சு, வாலுக்கு ஒன்று.
பீங்கான்மேல் டேப் படவே கூடாது.
பிரிப்பவர் கையில் இருப்பது அவசரக் கத்தி.
பபிள் ராப் மூன்று சுற்று.
சின்னப் பெட்டி.
சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்குத் தாள் பந்துகள்.
அதற்கும் வெளியே, மருந்துக்கடையில் கெஞ்சி வாங்கிய
பெரிய பெட்டி.
பிறகு காதோரம் வைத்துக் குலுக்குகிறேன்.

பெட்டி பேசக்கூடாது.
பேசினால் பிரி, முதலிலிருந்து வா.

இரவு பதினொன்றரைக்கு
உள்ளே ஒரு சின்ன ‘டொக்’.

பிரித்தேன்.

கடைசி வேலைதான் கடினம்.
இடுப்பு உயரத்தில் பிடித்து
நானே கைவிட வேண்டும்.
தட்டையாக ஒரு முறை, மூலை படும்படி ஒரு முறை,
எப்படியோ விழட்டும் என்று ஒரு முறை.
குவாஹாட்டியில் யாரோ வீசுவதற்குள்
சயான் கோலிவாடாவில் நான் வீசிப் பார்த்துவிட வேண்டும்.
கீழ்வீட்டு மோரே காலையில் படியில் கேட்பார்:
நேற்று மூணு சத்தம், இன்னைக்குப் பார்சலா?

பெட்டியின் மேல் ‘ஜாக்கிரதை’ என்று எழுதுவதில்லை.
அதைப் படித்துவிட்டுப் பதமாக வைப்பவர் உண்டு.
எவ்வளவுதான் தாங்கும் பார்ப்போம் என்பவரும் உண்டு.

ஜூலை மழை. பெட்டிக்கு ரெயின்கோட், எனக்குக் குடை.
தபால் கவுன்டரில் சாவந்த் தாயி நிறுக்கிறாள்.
எண்ணூற்று நாற்பது கிராம்.
அதில் கோழி அறுபத்திரண்டு.
“காச் ஹை க்யா?”
கண்ணாடி இல்லை, கோழி என்கிறேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாள்.
“உயிரோடயா?”
பதிலுக்குக் காத்திராமல்
முத்திரையை ஓங்கிக் குத்துகிறாள்.
நான் கணக்கில் சேர்க்காத நான்காவது அடி.

மும்பை. மும்பை. மறுநாளும் மும்பை.
பிறகு குவாஹாட்டி, அங்கே ஒரு ஞாயிறு.
ஒன்பதாம் நாள் படம் வந்தது.
ஜன்னல் திட்டில் இரண்டு கோழிகள்,
வெளியே பனிமூட்டம்,
படத்தின் ஓரத்தில்
ஒரு பூனையின் வால் மட்டும்.

என் அலமாரியில் மிளகுக்கோழி நிற்கிறது.
ஷோகேஸுக்கு நன்றாக இருக்கும், தாருங்கள் என்று
மோரேயின் மகள் கேட்டாள். தரவில்லை.
ஐந்து துளையை மட்டும் தேடி ஒருவர் வருவார்.
அதன் வயிற்றை நிரப்பி வைத்தாயிற்று.
எந்த ஊரிலோ, எந்தச் சாப்பாட்டு மேசையிலோ
ஒரு கை வழுக்கட்டும் என்று
நினைத்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.