ஆறுக்கு அடுத்தது எட்டு

மார்ச்சில் பள்ளி திறக்கிறது.
இங்கே மார்ச் என்றால் கோடை முடிகிற மாதம்.
காற்று மட்டும் முடிவதில்லை.
புன்ட்டா அரேனாஸின் தெருமுனைகளில்
கயிறு கட்டியிருக்கிறார்கள்,
வளர்ந்தவர்களும் பிடித்துக்கொண்டு நடக்க.

ஆகவே எங்கள் முதல் விளையாட்டு கயிறு.
துணி காயும் கொடியை அவிழ்த்து
அடுப்பிலிருந்து குளியலறைவரை இழுத்துக் கட்டினேன்.
நான்தான் காற்று.
கன்னம் உப்ப ஊதுகிறேன்.
டான்கோ கயிற்றைப் பற்றியபடி நடக்கிறான்.
அவன் பின்னால் ஒற்றைக்கண் பென்குயின்,
அதன் பின்னால் ஜோடி தொலைந்த ஒரு காலுறை.
காலுறைக்குத்தான் பொறுமை இல்லை போலும்.
"தள்ளாதே" என்கிறான். "உன் முறை வரும்."

அவனுக்கு நான்கு வயதாக
இன்னும் பத்தொன்பது நாள்.

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது.
ஜிப் போடத் தெரிய வேண்டும்.
கேட்டால் முழுப்பெயர் சொல்ல வேண்டும்.
தானே மூக்குச் சிந்தினால் நல்லது.
எழுதியவருக்குப் பிள்ளை உண்டோ என்னவோ.

ஜிப்பை ரயிலாக்கினோம்.
இந்த ஊரில் ரயில் கிடையாது,
அதனால் எப்படி வேண்டுமானாலும் கூவலாம்.
தொப்புள் நிலையம். நெஞ்சு நிலையம்.
தாடை நிலையத்தில் ஒருநாள் சதை சிக்கியது;
வண்டி நின்றது, பயணி அழுதான்,
மூன்று நாள் போக்குவரத்து ரத்து.

துணி கிளிப்புகள் முதலைகள்.
தரையில் சிந்திய பீன்ஸ் எல்லாம் அவற்றுக்கு இரை.
விரலுக்கு வலு ஏறுமாம், பென்சில் பிடிக்க உதவுமாம்.
மீன் ஆலையில் எட்டு மணி நேரம்
சால்மன் துண்டுகளை அடுக்கி மரத்துப்போன என் விரல்கள்
அவன் முதலையிடம் தோற்றன.
வேண்டுமென்றே தோற்றேன் என்று நினைக்காதீர்கள்.

எண்ணிக்கையில்தான் சண்டை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்து, ஆறு, எட்டு.
ஏழு எங்கே, டான்கோ?
"லாரியில்."

அவன் அப்பா மிர்கோ
வடக்கே சரக்கு ஏற்றிப் போனால் திரும்ப ஏழு இரவு.
இரவுக்கொரு பொத்தானைக் குப்பியில் போடச்
சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.
ஏழாவது விழும்போது அப்பா வாசலில் நிற்பார், பார்.
ஜூலையில் ஒருமுறை
பனியில் எல்லைச் சாவடியை மூடிவிட்டார்கள்.
ஏழாவது பொத்தான் விழுந்தது.
வாசலில் நாய் இருந்தது.
அன்றிலிருந்து அந்த எண்ணை அவன் நம்புவதில்லை.
நான் திருத்தவில்லை.
திருத்தியிருக்கலாம்.

கடைசியாகக் கதவு விளையாட்டு.
பாதி கண்ணாமூச்சி, மீதி என்னவென்று தெரியவில்லை.
நான் வெளியே நிற்பேன், அவன் எண்ணுவான்,
எண்ணி முடித்ததும் உள்ளே வருவேன்.
முதலில் மூன்றுவரை.
பிறகு ஐந்து.
பிறகு பத்து, அதாவது ஒன்பது.
அப்புறம் பக்கத்து வீட்டு ஹோவிதாவைத் துணைக்கு வைத்துவிட்டு
ரொட்டிக் கடைவரை போய்வரும் நேரம்.
திரும்பி வந்தபோது அவன் தலை நிமிரவில்லை.
பென்குயினுக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தான்.
இதற்குத்தானே இத்தனை பாடு.
ரொட்டிப் பையை மேசையில்
கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

திங்கட்கிழமை காற்று நிஜமாகவே அடித்தது.
வாசலில் ஒரு பையன்
தூணைக் கட்டிக்கொண்டு கதறினான்.
டான்கோ அவனை நெடுநேரம் பார்த்தான்.
"தள்ளாதே, உன் முறை வரும்" என்றான்.
யாரும் தள்ளவில்லை.
ஆனாலும் பையன் ஒரு கையை எடுத்தான்.

பிறகு என்னிடம் வந்தான்.
ஜிப்பைத் தாடைவரை ஏற்றியிருந்தான், சதை சிக்காமல்.
"நீ வெளியே நில்லு. எண்ணு.
முடிந்ததும் வருவேன்."
எதுவரை எண்ண வேண்டும் என்று
சொல்லாமலே உள்ளே போனான்.

தெருமுனைக் கயிற்றைப் பிடித்தபடி
ஆலை பஸ்ஸுக்கு நின்றேன்.
மற்ற அம்மாக்கள் ஏதோ கேட்டார்கள்,
பாதியைக் காற்று கொண்டுபோனது.
மூன்று. நான்கு.
ஐந்து.
ஆறு.
பஸ் வந்து கதவு திறந்தது.
எட்டு.