முப்பத்து மூன்று அடி

சாலையின் நடுக்கோட்டிலிருந்து
முப்பத்து மூன்று அடி வரை கவுண்டிக்குச் சொந்தம்.
அதற்கப்பால் அவரவர் நிலம், அவரவர் நாய்.
பதினோரு வருடமாக நான் பார்க்கும் வேலை
அந்த முப்பத்து மூன்று அடிக்குள்தான்.

விண்ணப்ப எண் நாற்பத்தேழு. ஆர்டிஸ் ஓஸ்ட்லி.
நெடுஞ்சாலைக்குப் புதிதாய் ஒரு நுழைவழி,
அகலம் இருபத்து நான்கு அடி, ஜல்லி.
காரணம் என்ற கட்டத்தில்
அவன் வழியில் நான் போவதாயில்லை என்று எழுதி
அடித்துவிட்டு
வசதி என்று எழுதியிருந்தாள்.
அடித்ததும் படிக்கும்படிதான் இருந்தது.

அவன் என்றால் வெர்லின். தம்பி.
அப்பன் போனதும்
நிலத்தை நெடுக்காக இரண்டாய்க் கிழித்துக்கொண்டார்கள்.
வீடும் பழைய வழியும் அவனுக்கு,
கிணறும் காற்றுக்கு மறைப்பாய் நட்ட மரவரிசையும் இவளுக்கு.
கிணற்றுக்குப் போக
இவள் ஒரு வருடமாய்ப் பக்கத்துப் பண்ணையைச் சுற்றி
நாலு மைல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் கடைசி. வடக்கு டகோட்டாவில்
பள்ளத்துப் பனி அப்போதும் அழுக்காய்க் கிடக்கும்.
தரையிலிருந்து மூன்றரை அடியில் கண்ணை வைத்துப்
பார்க்க வேண்டும். காரில் உட்கார்ந்தவரின் கண் அது.
அவள் சொன்ன இடத்தில் முழங்காலிட்டேன்.
"ஜெபமா?" என்றாள் பின்னாலிருந்து.

கிழக்கே ஒரு மேடு.
இந்தச் சமவெளியில் அறுபது மைலுக்கு ஒன்று,
அதுவும் இங்கேதான் இருக்க வேண்டுமா.
மேட்டில் பீட் லாரியின் தலை தெரிந்ததிலிருந்து
அது என்னைக் கடக்கும்வரை எண்ணினேன்.
ஐந்து.
எட்டு வேண்டும்.

மேற்கே நடந்தேன். அவளும் நடந்தாள்.
அடுத்த லாரிக்கு ஆறு.
அதற்கடுத்து ஆறரை.
பிறகு அரைமணி நேரம் லாரியே வரவில்லை,
அவள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்,
சர்க்கரை கேட்கவில்லை, போட்டிருந்தாள்.
ஏழு.
எட்டு வந்த இடத்தில்
வெர்லினின் தபால்பெட்டி நின்றது.

வேறு வழியில்லை என்றேன்.
சொன்ன பிறகுதான் சொல் என் காதில் விழுந்தது.

இரண்டு நிலத்துக்கு ஒரே நுழைவழி என்றால்
படிவம் வேறு. இரண்டு கையெழுத்து.
பராமரிப்பு கூட்டுப் பொறுப்பு.
அவள் அன்றே போட்டாள்.
மே முழுவதும் அந்தத் தாள்
என் மேசையில் ஒற்றைக்காலில் நின்றது.

ஜூன் ஒன்பது. வெர்லின் வந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"எங்கே பிரியலாம்?"
"முப்பத்து நாலாவது அடியில்.
அது எங்கள் கவலையில்லை."
அக்காவின் பெயருக்கு மேலேயும் இல்லாமல்
கீழேயும் இல்லாமல்
தாளைத் திருப்பி வைத்து, ஓரத்தில், செங்குத்தாய்ப் போட்டான்.
இது செல்லுமா என்றார் மேலதிகாரி.
செல்லும் என்றேன். விதியைப் பார்க்கவில்லை.

பதினெட்டு அங்குலக் குழாய் புதைத்தார்கள்.
செலவு பாதிக்குப் பாதி.
ரசீதில் மிஞ்சிய ஒரு சென்ட் யாருடையது என்று கேட்டு
எனக்கு ஒரு போன்.
நான் தருகிறேன் என்றேன்.
சிரிக்கவில்லை, வைத்துவிட்டான்.

ஜனவரியில் மூன்று நாள் பனிப்புயல்.
நான்காம் நாள் காலை ஆறரைக்கு மணி அடித்தது.
"யாரோ என் பங்குப் பனியைத் தள்ளியிருக்கிறார்கள்."
"யாரோ என்றால்?"
"அனுமதி கேட்காமல்."
அந்தப் புகாருக்குப் படிவம் இல்லை என்றேன்.
எழுதியாவது வை என்றான்.
வைத்தேன்.

பிப்ரவரி பதினொன்று.
அதே புகார்.
குரல் ஆர்டிஸ்.

இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தேன், நாற்பத்தேழு.
அன்று மதியம் வேறு வேலையாய் அந்தப் பக்கம் போனபோது
மேட்டைத் தாண்டி வண்டியை மெதுவாக்கினேன்.
ஒரே கம்பத்தில் இரண்டு தபால்பெட்டி,
முதுகு காட்டிக்கொண்டு.
கறுப்பாய், அகலமாய், கல் தெரியச் சுரண்டியிருந்தது
முப்பத்து மூன்று அடி.
அதற்கப்பால் இரண்டு பக்கமும் முழங்கால் பனி,
இரண்டு வீட்டாரும் இன்னும் அங்கே கை வைக்கவில்லை.

கோப்பின் கடைசிக் கட்டம்: நிலை.
திறந்திருக்கிறது என்று எழுதினேன்.