அளவைக்கு இரண்டு மதிப்பெண்

லெசோத்தோ மலையில் நவம்பர்.
எந்த மதியமும் ஆலங்கட்டி விழலாம்.
என் மேசையில் நாற்பத்தோரு புவியியல் தாள்கள்,
மூடி தொலைந்த ஒரு சிவப்புப் பேனா.
எதிரே லெட்லாட்சா சார்
கணக்குத் தாள்களிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்.

ஏழாம் கேள்வி:
உன் ஊரின் வரைபடம் வரைக.
திசைக்கு ஒன்று, குறியீடுகளுக்கு இரண்டு,
அளவைக்கு இரண்டு.

எல்லோரும் சென்டிமீட்டரில் பொய் சொல்லியிருந்தார்கள்.
ஒன்றுக்கு ஒரு கிலோமீட்டர்,
நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே ஒன்று.
அதன்படி அளந்தால்
ட்செலிசோ வீட்டுக் கொல்லைக்கதவு
தென்னாப்பிரிக்காவில் திறக்கிறது.

கொபொட்சோவின் தாளில்
வடக்கு சரி.
போர்வைக் கோடுகள் போல
சமவுயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஏறின.
கீழே, நீலம் தீரும்வரை தீட்டிய அணை நீர்.
நீலத்துக்கு அடியில் புள்ளிக்கோட்டில் ஏழு வீடுகள்;
குறியீட்டுப் பெட்டியில் அதற்கு நேரே
"முன்பு நாங்கள்."
அப்புறம் அளவை:
ஒரு விரற்கடை = வாளியை ஒருமுறை இறக்கி வைத்தல்.

ஊற்றிலிருந்து வீட்டுக்குப்
பதினோரு விரற்கடை.

விடைக்குறிப்பு கறாரானது:
விகிதமோ சென்டிமீட்டரோ, வேறெதுவும் செல்லாது.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அடுத்த தாளை எடுத்தேன்.
ஏழாம் கேள்வியை அதில் தொடவே இல்லை.
நன்றியோடு முட்டை போட்டேன்.

மே மாதம் நடத்திய பாடம் அது.
அணை நீர் மலையைக் குடைந்து
ஜோகன்னஸ்பர்க் குழாய்களுக்குப் போவதை
இரண்டு வண்ணச் சாக்பீஸில் வரைந்து,
"பம்ப் கிடையாது, சரிவு மட்டுமே" என்று
நானே கட்டியதுபோல் சொன்னேன்.
மூன்றாம் வரிசையிலிருந்து அவள் கேட்டாள்:
"சரிவுக்கு மேலே குடிவைத்தவர்களுக்கு, சார்?"
அது அடுத்த பாடம் என்றேன்.
அடுத்த பாடம் மண்ணரிப்பு.

சனிக்கிழமை மேலே போனேன்.
இருபது லிட்டர் பெயின்ட் வாளி;
பச்சை இன்னும் விளிம்பில் ஒட்டியிருந்தது.
சும்மாடு எப்படிச் சுற்றுவதென்று காட்டிவிட்டு
தன் வாளியோடு முன்னால் நடந்தாள் கொபொட்சோ.
உதவவில்லை. நானும் கேட்கவில்லை.
கற்றாழைப் புதரில் ஒருமுறை இறக்கினேன்.
அணைக்காரர்களின் வேலியோரம் ஒருமுறை,
வேலி முடிவதற்குள் இன்னொருமுறை.
கீழே அத்தனை பெரிய நீர்
தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.
ஒரு மேய்ப்பன் பையன் என்னைப் பார்த்து
தன் ஆடுகளிடம் ஏதோ சொன்னான்.

பத்தொன்பது முறை.
வந்து சேர்ந்தபோது வாளியில் முக்கால்,
மிச்சம் என் சட்டையில்.
அவள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்:
"உங்கள் வரைபடத்தில், சார்,
எங்கள் வீடு இன்னும் தூரம்."

திங்கட்கிழமை
அதே தாள், அதே கேள்விக்குறி.
அரை மதிப்பெண்ணுக்குக் கட்டமில்லை.
இரண்டு போட்டேன்.
கீழே எழுதினேன்:
யாருடைய தலைக்கு என்றும் குறிப்பிடவும்.

லெட்லாட்சா சார் எட்டிப் பார்த்தார்.
"ஆளுக்கு ஆள் மாறினால் அது அலகே இல்லையப்பா."
கணக்குப்படி சரிதான்.
"மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வாய்?"
வாளி என்னிடம்தான் இருக்கிறது என்றேன்,
யார் வந்தாலும் தரலாம்.

தகரக்கூரையில் முதல் கல் விழுந்தது.
அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.
மைதானத்தில் பிள்ளைகள்
சட்டையை ஏந்திப் பிடித்து,
பிடித்ததைத் தின்றுகொண்டிருந்தார்கள்.
இன்னும் இருபத்திரண்டு தாள்.
தோள்பட்டை வலிக்கிறது.