பத்தில் எட்டு

பாம்பிளமூசுக்கு வடக்கே, கரும்புக்கு நடுவில்
தகரக் கூரையைக் கயிறு கட்டி இழுப்போம்.
ஒரு முழ அகலத்துக்கு வானம் கிடைக்கும்.
தொலைநோக்கியின் கண்ணுக்குள் ஐந்து நூல்,
சிலந்தி நூல்.
சிலந்தியைப் பிடித்து, பட்டினி போட்டு, நூலெடுப்பது என் வேலை.
நட்சத்திரம் நூலைத் தாண்டும் கணத்தைச் சொல்வதும் என் வேலை.
கண் நூலில். காது கடிகாரத்தில்.
இரண்டுக்கும் இடையில் நான்.

முசியே லாவெர்ஞ் பார்த்தால் பதினேழு புள்ளி இரண்டு.
மறுநாள், அதே நட்சத்திரம், நான் பார்த்தால்
பதினெட்டு.
நொடியைப் பத்தாக அரிந்தால் எட்டுத் துண்டு
நான் பிந்தி.

முதலில் தூக்கம் என்றார்; காப்பி வந்தது.
பிறகு சாராயம் என்றார்; வாயை மோந்து பார்த்தார்.
அதற்குப் பிறகு என் எண்கள் நீளம் என்றார்:
"பதினொன்று, பன்னிரண்டு என்று நீ இழுப்பதற்குள்
அது போய்விடுகிறது. பிரெஞ்சில் எண்ணு."
ஓன்ஸ், தூஸ், த்ரேஸ்.
பத்தில் எட்டு அப்படியே இருந்தது,
சட்டை மாற்றினாலும் போகாத மச்சம் போல.

பேரேட்டில் எனக்கென்று ஒரு பத்தி கோடிழுத்தார்.
தினம் ராத்திரி என்னிலிருந்து என்னைக் கழிப்பார்.
கழித்தபின் மிஞ்சுவது வானம்.

இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று
மிஷன் பள்ளியில் படித்தேன்.
யாருடைய இமை என்று
நானும் கேட்கவில்லை.

புயலுக்குப் பிந்தி வந்த கப்பலில்
ஜெர்மன் சஞ்சிகை ஒன்று ஈரமாய் வந்தது.
அகராதியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்
பால்காரனுக்கு முன்னால் என்னை எழுப்பினார்.
லைப்சிக் என்று ஓர் ஊராம்.
அங்கே நட்சத்திரத்தை விட்டுவிட்டார்களாம்.
இந்தப் பத்தில் எட்டை மட்டும் ஓர் அறையில் வைத்து
பித்தளைக் கருவியால் அளக்கிறார்களாம்.
மணி அடிக்கும். விரல் அழுத்தும்.
நடுவில் கிடப்பதற்கு மனம் என்று பெயராம்.
நாங்கள் உமி என்று புடைத்துத் தள்ளியதை
அவர்கள் உரலில் போட்டுக் குத்துகிறார்கள்.

தந்திக் கம்பி, மின்கலம், பழைய சாவி ஒன்று;
நாங்களும் செய்தோம்.
மணிக்கு என் விரல்: பத்தில் இரண்டு.
விளக்குக்கு இன்னும் கொஞ்சம்.
"நீ மந்தமில்லை" என்றார்
ஏதோ தொலைந்தது போல.

பிறகு கூலிப் பேரேட்டை எடுத்தார்.
"பெயர்களாக வாசிப்பேன். உன் பெயருக்கு அழுத்து."
சின்னத்தம்பி. அர்லாண்டா. பாவாடை.
மார்தி.
கடிகாரம் போய்க்கொண்டிருந்தது.
ஆமாம், மார்தி,
நான்தான்.

மருதமுத்து என்று அப்பா முழுசாகத்தான் சொன்னார்.
துறைமுகத்துக் குமாஸ்தாவின் பேனா பாதியில் நின்றது.
மிச்சத்தை இவர்கள் நாக்கு செவ்வாய்க்கிழமையாக்கியது.
செவ்வாய்க்கிழமை என்று யாராவது கூப்பிட்டால்
நான் உள்ளே போய்
என்னை எழுப்பிக் கூட்டிவர வேண்டும்.
கொஞ்ச தூரம்.

ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"இப்போது நீங்கள்" என்றேன்.
சாவியில் அவர் விரல், மோதிரத்தோடு.
நானாகப் பெயர்களைச் சொன்னேன்.
லாவெர்ஞ்: பத்தில் மூன்று. நல்ல விரல்.
அப்புறம், நடுவில், அதே குரலில்,
வெட்டுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரைச் சொன்னேன்:
கூரைப்பூனை.
தமிழ் தெரியாது அவருக்கு.
சாவி இறங்கவில்லை.
ஆனால் விரல் துடித்தது, ஒரு சிலந்தி நூல் அளவு.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

அதை எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.
கோடிழுக்கும் கட்டையை எடுத்து, திரும்ப வைத்தார்.

அன்று ராத்திரி மேகம்.
கூரையைத் திறக்கவில்லை.
சிலந்திக்கு ஓர் ஈ பிடித்துப் போட்டேன்.